ஐந்து வாரம் எழுவாய்

எழுவாய் என்றால் என்ன என்பதை முப்பத்தொன்பது வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஐந்து வாரம் விடாமல் விளக்கியிருக்கிறேன். அவருக்கு அது முதல் நாள் முதல் பத்து நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. இந்தச் செய்தி எனக்குத் தெரியவந்தது ஐந்தாவது வாரக் கடைசியில். அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பில் இருந்த ஒருவர் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார்.

தொண்ணூற்றெட்டு என்று நினைவு. பெரம்பலூர் மாவட்டத் தலைநகராகி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊரில் ஆளுக்கொரு பதவி வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம். எனக்கு மட்டும் எதுவும் வரவில்லை. தமிழில் முதுகலை, ஒரு மனைவி, வேலைவாய்ப்பு அலுவலக அட்டை ஒன்று. இந்த மூன்றில் மூன்றாவதை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். மாலையில் ஒரு டுடோரியலில் தமிழ் நடத்தினேன். உரக்கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. யூரியாவும் பூச்சி மருந்தும் கலந்த ஒரு வாடை படியேறி வந்து முதல் பெஞ்சில் உட்காரும். மாணவர்கள் அதற்குப் பின்னால் உட்காருவார்கள்.

எல்லோரும் பத்தாவதில் எப்போதோ தவறியவர்கள். தனித்தேர்வராக அக்டோபரில் எழுதக் காத்திருப்பவர்கள். அதில் ஒருவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். வளைகுடாவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்திருந்தார். கையில் பத்தாவது சான்றிதழ் இருந்தால் அடுத்த முறை சூப்பர்வைசராகப் போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அத்தர் மணக்க வருவார். அவர் வந்தபின்தான் யூரியா கொஞ்சம் அடங்கும்.

நான் சொல்லவந்த பெண்மணி அரியலூர் சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். பதின்மூன்று வருடமாக விறகடுப்பு. பிள்ளைகள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, பஸ் பிடித்து நாலரைக்கு வருவார். மாடிப்படி ஏறியதும் பேச மாட்டார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ‘இருங்க’ என்று சைகை காட்டுவார். நெஞ்சுக்குள் ஒரு விசில் ஊதி ஓய்ந்த பிறகுதான் வார்த்தை வரும். புகைதான் காரணம், அடுப்பை விட்டு விலகாவிட்டால் மாத்திரைக்குப் பயனில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுப்பை விட்டு விலக ஒரே ஒரு வழி இருந்தது. அதை அவர் சேர்ந்த அன்றே சொன்னார்.

“சனவரியோட எங்க அமைப்பாளரம்மா ரிட்டயர்டு ஆவுறாங்க சார். பத்தாவது பாஸுன்னா அந்த எடத்த எனக்கே குடுத்துடலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. மத்த பாடமெல்லாம் பாஸ் பண்ணிட்டேன். தமிழ்ல மட்டும் நின்னுபோச்சு. இந்த வருசத்த வுட்டா வயசு தாண்டிடும்.”

“அமைப்பாளர்னா என்ன வேலைம்மா?”

“நோட்டு எழுதுற வேல சார். நாற்காலி உண்டு. அடுப்பு இல்ல.”

இங்கிலீஷிலும் கணக்கிலும் தேறி, பிறந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கும் தமிழில் தவறியவர். “பரவாயில்லைம்மா, இந்த ஊரில் அது சகஜம்” என்றேன். ஏழு வாரம் இருந்தது. எட்டு வேற்றுமை, புணர்ச்சி, யாப்பு, அணி, கட்டுரை, கடிதம். தாராளமாகப் போதும் என்று நினைத்தேன். அப்போது நான் இன்னும் எழுவாயை ஆரம்பித்திருக்கவில்லை.

எழுவாய் வேற்றுமைமேல் எனக்கு ஒரு பித்து உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சிலருக்குக் காவேரிக் கரை, சிலருக்குக் கர்நாடக இசை. எனக்கு முதல் வேற்றுமை. மற்ற வேற்றுமைகளில் பெயருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிடுகிறது. வால் முளைக்கிறது, அல்லது உடம்பு வளைகிறது. முதல் வேற்றுமையில்தான் பெயர் பிறந்த மேனிக்கு நிற்கிறது. அதற்கு உருபு கிடையாது. செய்கிறவன் அவன்தான் என்று காட்ட, வேறு ஓர் அடையாளமும் இல்லாமல் வெறுமனே நின்றாலே போதும். ‘நான்’ என்பவன்கூட அந்த ஓர் இடத்தில்தான் நான். உருபு ஒட்டப் போனால் உடனே ‘என்’ என்று குறுகிவிடுகிறான். என்னை, என்னால், எனக்கு. முழு உயரத்தில் நிற்க ஒரே ஒரு நாற்காலி. அதற்குப் பெயர் எழுவாய்.

இதையெல்லாம் முதல் நாள் சொன்னேன். லப்பைக்குடிக்காட்டுக்காரர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெண்மணி தலையை ஆட்டினார். பிறகு பலகையில் உதாரணம் எழுதினேன். பாட நூலில் எப்போதும் வரும் அந்த ஆளைத்தான் எழுதினேன். எல்லா இலக்கணப் புத்தகங்களிலும் அவன்தான் வருவான், பாடம் படிப்பான், மரம் வெட்டுவான், வீட்டைக் கட்டுவான், பிற்பாடு செயப்பாட்டு வினை வரும்போது அதே வீடு அவனால் கட்டப்படும். என் ஆசிரியர் அவனைத்தான் எழுதினார். அவருடைய ஆசிரியரும் அவனைத்தான் எழுதியிருப்பார். உதாரணத்தை மாற்றும் வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. ஊரில் நாலு வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர் அது. அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் தெரியும்.

எழுவாய் மூன்று வகைப் பயனிலையை ஏற்கும். வினை, பெயர், வினா. அந்த ஆள் வந்தான். அந்த ஆள் நல்லவன். அந்த ஆள் யார்? அவன் பெயர் போட்டு மூன்றையும் பலகையில் எழுதி, நோட்டில் எழுதச் சொன்னேன். பெண்மணியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நல்ல உருண்டையான கையெழுத்து.

‘வந்தார். நல்லவர். யார்?’

“எழுவாய் எங்கம்மா?” என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். புன்னகை செய்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

புரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? செய்கிறவனையே விட்டுவிட்டு, செயலை மட்டும் எழுதுகிறார். போதாததற்கு ‘ஆன்’ விகுதியை ‘ஆர்’ என்று மாற்றியும் வைத்திருக்கிறார். அடித்தளமே இல்லை, இதன்மேல் இரண்டாம் வேற்றுமையை எப்படிக் கட்டுவது என்று மறுநாளும் எழுவாயே நடத்தினேன்.

மறுநாளும் அதே. பலகையில் நான் எழுதியதைப் பார்த்து எழுதினாலும் தலை போயிருக்கும், உடம்பு மட்டும் இருக்கும். ‘பாடம் படித்தார்.’ ‘மரம் வெட்டினார்.’ நானும் விடவில்லை. அறை நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, “இதுதான் எழுவாய் உட்காரும் இடம். இப்போது காலி. காலியாக இருந்தால் வாக்கியம் நடக்குமா?” என்று கேட்டேன். “நடக்கும் சார், நேத்துகூட நடந்துச்சே” என்றார் லப்பைக்குடிக்காட்டுக்காரர். கூத்து பார்க்கப் போகிறோம், கட்டியங்காரன் வருகிறான், ராஜா வரவில்லை என்றால் கூத்து உண்டா என்று இன்னொரு நாள் உவமை சொன்னேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. என் நகைச்சுவைக்குச் சிரிக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். நாலாவது வாரத்தில் நானே எழுவாயாக நடித்தும் காட்டினேன். அதை விவரிக்கும் துணிவு இன்னும் வரவில்லை.

நடுவில் ஒரு நாள் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். “சார், ரெண்டாவது எப்ப சார்?”

“முதல் இல்லாமல் இரண்டு ஏதம்மா?” என்றேன். நல்ல பதில் என்று அன்று தோன்றியது.

லப்பைக்குடிக்காட்டுக்காரர் தினம் படியேறும்போதே குரல் கொடுப்பார். “அஸ்ஸலாமு அலைக்கும் சார். இன்னைக்கும் எழுவாய்தானா?”

“ஆமாம்.”

“மாஷா அல்லாஹ். அப்ப நோட்டு வேணாம்.”

ஐந்தாவது வாரக் கடைசியில் நான் பொறுமையிழந்தேன். பலகைக்கு அந்த அம்மாவை வரச் சொல்லி, சாக்கட்டியைக் கையில் கொடுத்து, “அந்தப் பெயரை மட்டும் எழுதுங்கம்மா. வேறு ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு பெயர்” என்றேன். அவர் பலகையைப் பார்த்தபடி நின்றார். நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்தது. சாக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. லப்பைக்குடிக்காட்டுக்காரர் எழுந்தார். “சார், ஒரு நிமிசம் வெளிய வர்றீங்களா?”

வெளியே போனோம்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. அது அவுங்க வூட்டுக்காரரு பேரு சார்.”

“எது?”

“போர்டுல தெனம் எழுதுறீங்களே, அது.”

சாலையில் ஒரு மினி பஸ் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை நின்றேன்.

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“மொத நாளே தெரியும். அவுங்க ஊருப் பையன் சொன்னான். கிளாஸுக்கே தெரியும் சார்.”

“ஏன்யா சொல்லல?”

அவர் நேர்மையான மனிதர். “சொல்லியிருந்தா நீங்க அத வுட்டுட்டு எங்கள கேள்வி கேக்க ஆரம்பிச்சிருப்பீங்க சார்” என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் அலங்காரமும் செய்தேன். “அந்த ஆள் வேலை வெட்டிக்குப் போவதில்லையாம். எழுவாய் உண்டு, பயனிலை இல்லை. அப்படிப்பட்டவர் பெயருக்கு இவ்வளவு மரியாதை” என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ என் பெயரை எழுதுவாயா?” என்று கேட்டேன். பதினோரு வருடத்தில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஏங்க, இங்க பாருங்க, இவரு, உங்கப்பா. என் வீட்டில் நான் ஒரு நாளும் எழுவாயாக இருந்ததில்லை.

அவள் மளிகைச் சீட்டைத் திருப்பி, பென்சிலால் என் பெயரை இனிஷியலோடு எழுதிக் காட்டினாள். அரை நொடி ஆகியிருக்காது.

“ரேஷன் கடையில, கேஸ் கம்பெனியில, எல்லா எடத்துலயும் நான்தானே சொல்றேன். ஒண்ணும் ஆவலியே உங்களுக்கு” என்றாள். பிறகு, “ஏங்க, அஞ்சு வாரத்துல ஒரு நாளாவது மாடு மேய்ந்ததுன்னு எழுதிப் பாத்தீங்களா?” என்றாள்.

எழுதிப் பார்த்திருந்தால் முதல் வாரத்திலேயே விஷயம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். மாட்டுக்கு என் மனைவியின் பெயரை வைத்திருந்தால்கூட. இன்றுவரை அந்தக் கேள்வி பாக்கி நிற்கிறது.

திங்கட்கிழமை பெண்மணி வந்தார். வராமல் போய்விடுவாரோ என்று பயந்திருந்தேன். கூடவே அவர் கணவரும் வந்திருந்தார். படியேற நேரமாயிற்று. முதலில் இந்த அம்மாவின் மூச்சு. பிறகு பின்னால் ஒரு கைத்தடியின் சத்தம். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணலாகக் கூடியிருந்தது. என் அலங்கார வாக்கியம் எனக்கே நினைவுக்கு வந்தது. நல்லவேளை, அதை வீட்டில் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

உட்காரச் சொன்னேன். எழுவாய் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

“முந்தியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன் பெண்மணியிடம்.

“எப்புடி சார் சொல்றது? இன்னாரு பேருன்னு சொன்னாதானே வெளங்கும்? அத எப்புடிச் சொல்லுவேன்?” என்றார். பிறகு, “நீங்க தெரிஞ்சுகிட்டுதான் என்னச் சொல்ல வெக்கணும்னு வைராக்கியமா நிக்கிறீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

ஐந்து வாரமாக நான் நடத்தியது அவர் பார்வையில் இலக்கண வகுப்பே இல்லை. ஒரு முரட்டு ஆளின் பிடிவாதம்.

கணவர் சிரித்தார். “நானே எழுதச் சொல்லிட்டேன் சார். ஊர்ல பொடிப்பசங்கல்லாம் பேரச் சொல்லித்தான் கூப்புடுறானுவ. இவ எழுதித்தான் எமனுக்கு நம்ம அட்ரஸ் தெரியணுமா?”

“வாயக் கழுவுங்க” என்றார் மனைவி.

நான் இரண்டு நாளாகத் தயாரித்து வைத்திருந்த சொற்பொழிவை எடுத்தேன். பெயர் வேறு, ஆள் வேறு. பலகையில் இருப்பவன் புத்தகத்து ஆள், உங்கள் வீட்டுக்காரர் இல்லை. எழுதினால் ஆயுசு குறையும் என்றால் அவர் அம்மா எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார்? பெண்மணி குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் சொன்னார்.

“நாலு வருசத்துக்கு முந்தி ரேசன் கார்டுக்குப் போயிருந்தேன் சார். சன்னல்ல இருந்தவரு ‘பேரு என்ன, பேரு என்ன’ன்னு ஒரே சத்தம். பின்னால வரிச. பட்டுன்னு வாயில வந்துடுச்சு. அதுக்கு நாலாம் நாளு சுண்ணாம்புக்கல்லு லாரி மேலேருந்து அவுங்க விழுந்துட்டாங்க. ஒரு தடவ சொன்னதுக்கே கால் போயிடுச்சு. பரீச்சையில எத்தினி தடவ எழுதணும் சார்?”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அது. சொல்ல வாயெடுத்தேன். நாற்காலிக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் கால் கண்ணில் பட்டது. மூடிக்கொண்டேன். கணவரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். “லாரில கயிறு அறுந்துச்சு. அதுக்கு இவ என்ன பண்ணுவா” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அதை அவர் இதற்கு முன் நூறு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாவது வாரம் முழுக்க இந்தப் பெயரைச் சுற்றி எப்படிப் போவது என்பதற்கே சரியாயிருந்தது. முதல் எழுத்தும் புள்ளியும் போடலாமா என்றேன். “மொத எழுத்துதான் சார் உசுரு” என்றார். ஓர் எழுத்தைத் தப்பாக எழுதினால்? “அப்ப ஊனமாயிடும்” என்றார். ஏற்கெனவே ஆகியிருப்பதால் அதைத் தொடர எனக்குத் தைரியம் வரவில்லை. ‘மாணவன்’ என்று மாற்றி எழுதலாமா?

“கேள்வியில இருக்கறத மாத்துனா மார்க்கு போடுவாங்களா சார்?”

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

அன்று வீடு திரும்பும்போது யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை, எனக்குப் புரியவில்லை, என்னால் ஆகவில்லை. ஒன்றும் செய்ய முடியாத இடத்துக்கு வந்ததும் தமிழ் ஆளை எழுவாய் நாற்காலியிலிருந்து மெல்ல எழுப்பிவிட்டு, ‘கு’வுக்கும் ‘ஆலு’க்கும் பின்னால் ஒதுங்கி நிற்கச் சொல்கிறது. ஐந்து வாரம் முழு உயரத்தில் நின்று பேசியவன் ஒரு வாரமாக நாலாம் வேற்றுமையிலும் மூன்றாம் வேற்றுமையிலும்தான் பேசிக்கொண்டிருந்தேன். இதை மறுநாள் வகுப்பில் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த வேற்றுமைகளை இன்னும் நடத்தவில்லையே என்று விட்டுவிட்டேன்.

கடைசி வாரம் கடிதமும் கட்டுரையும் பார்த்தோம். மிச்சமெல்லாம் கைடில் இருக்கிறது, ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

தேர்வு மையம் அரியலூரில். அன்று காலை நானும் அதே பஸ்ஸில் போனேன். போக வேண்டிய அவசியமில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். அன்று பள்ளியில் அடுப்பை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். சாம்பாருக்குப் புளியை மட்டும் விடியலிலேயே ஊறப்போட்டு வந்ததாகச் சொன்னார்.

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் டீயின் மேல் ஒரு சாம்பல் ஏடு படிந்தது. உள்ளே ஒரு கேள்வித்தாளில் அந்தப் பெயர் எத்தனை இடத்தில் அச்சாகியிருக்குமோ என்று எண்ணியபடி மூன்று டீ குடித்தேன். கேள்வி தயாரித்தவர், எங்கேயோ உட்கார்ந்து, எல்லா ஆசிரியர்களையும்போல, கை போனபோக்கில் அவனை எழுதியிருப்பார். அவன் மரம் வெட்டியிருப்பான். வீடு கட்டியிருப்பான். அவனைத் தடுத்து நிறுத்த என்னிடம் ஒன்றும் இல்லை.

வெளியே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு ‘இருங்க’ என்று சைகை காட்டினார். இருந்தேன்.

“வந்துச்சா?” என்றேன்.

“வந்துச்சு சார்.”

“எத்தனை இடத்துல?”

“ரெண்டு எடம்.”

“என்ன பண்ணினீங்க?”

“கோடு போட்டுட்டேன் சார்.”

“மத்ததெல்லாம்?”

“தெரிஞ்சத எழுதுனேன்.”

அந்த இரண்டு கோடுகள் என் மனதில் விழுந்துவிட்டன. அதற்குப் பின் அவர் சொன்ன எதுவும் சரியாக ஏறவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். பேனா மூடி திறந்திருந்தது. கீழே விழுந்துவிடாமல் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

டிசம்பரில் மதிப்பெண் பட்டியல் வந்தது. படியேறி வந்து, மூச்சு அடங்குவதற்கு முன்பே தாளை நீட்டினார். நான்கு மதிப்பெண் குறைவு. லப்பைக்குடிக்காட்டுக்காரர் தேறியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து கைடை நெட்டுருப் போட்டதாகச் சொன்னார். அந்த அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த இனிப்புப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“என்னால ஒண்ணும் பண்ண முடியலியேம்மா” என்றேன்.

“வுடுங்க சார்” என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, மறைத்த பெட்டியை அவரே கேட்டு வாங்கி ஒரு லட்டு எடுத்துக்கொண்டார்.

சனவரியில் அமைப்பாளர் ஓய்வுபெற்றார். அந்த நாற்காலி வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. இவர் அடுப்படிக்கே திரும்பினார். நான் யாரிடமாவது பேசிப் பார்க்கலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போய், எந்த மேசையில் கேட்பது என்று தெரியாமல், நோட்டீஸ் போர்டை இரண்டு முறை படித்துவிட்டு வந்தேன்.

பிறகு எனக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அரியலூர் தனி மாவட்டமாகி, திரும்ப எங்களோடு சேர்ந்து, மறுபடியும் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இதற்கிடையில் எனக்குக் கொஞ்சம் பேச்சாளன் என்று பெயர் வந்திருந்தது. ஆசிரியர் கூட்டம், கல்லூரி விழா, ஓய்வுபெற்றோர் பாராட்டு என்று எங்கே கூப்பிட்டாலும் இந்தக் கதையைச் சொல்லுவேன். ஒரு பெயர் ஒரு பெண்ணின் வாழ்க்கையை எப்படி மறித்து நின்றது என்று. இரண்டு கோடு, நான்கு மதிப்பெண் என்று முடிப்பேன். அந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும். கைதட்டல் கொஞ்சம் தாமதித்து வரும். அதுதான் நல்ல கைதட்டல்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு நாள் அப்படி ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு, கழுத்தில் துண்டோடு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பக்கத்தில் ஒரு விசில் கேட்டது. கண்டக்டர் என்று திரும்பினேன். அவர்தான். முடி நரைத்திருந்தது. கையால் ‘இருங்க’ என்றார். இருந்தேன்.

“நல்லாருக்கீங்களா சார்? வீட்ல எல்லாம் சௌக்கியமா?”

“இருக்கோம்மா. உங்க வீட்டுக்காரர்?”

“அவுங்க நல்லா இருக்காங்க சார்” என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. ஒரு பெரிய வேலையைச் சரியாகச் செய்து முடித்தவரின் திருப்தி.

“பரீட்சை?”

“அடுத்த ஏப்ரல்லயே பாஸ் பண்ணிட்டேன் சார். ஆனா வயசு தாண்டிடுச்சுன்னுட்டாங்க. அதே சமையல்தான்.”

துண்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கழற்றிப் பையில் திணித்தேன். “அன்னைக்கே தேறியிருப்பீங்கம்மா. அந்தப் பேருதான்… அது மட்டும் வராம இருந்திருந்தா” என்றேன். மேடையில் தாழ்த்தும் அதே குரல் தானாக வந்தது.

அவர் புரியாமல் பார்த்தார். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. இரண்டு படி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கத் திரும்பினார்.

“பேருக்குப் போனது ரெண்டு மார்க்குதான் சார்” என்றார். “ரெண்டாம் வேத்துமையிலேருந்து எட்டு வரைக்கும் நீங்க நடத்தவே இல்லியே.”